வேம்பக்கோட்டையின் உடைந்த சிப்பித் துண்டுகள்: எந்த உயிரினம் என்று புரதம் காட்டிக்கொடுக்குமா?

சிவகாசி வட்டாரம் என்றாலே பட்டாசுதான் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே வைப்பாற்றங்கரையில் இருக்கும் வேம்பக்கோட்டை, தொல்பொருட்களுக்காகவும் பேசப்படுகிறது. தமிழ்நாடு தொல்லியல் துறை 2022-ல் தொடங்கிய அகழாய்வின் முதல் இரண்டு கட்டங்களில் மட்டும் 7,900-க்கும் மேற்பட்ட பொருட்கள் கிடைத்தன. அதில் சங்கு வளையல்களும் உண்டு.

இதில் என்ன கேள்வி?

சங்கு கடலில் வாழ்வது. உள்நாட்டு ஊரில் அது கிடைத்தால், மன்னார் வளைகுடாவோடு தொடர்பு இருந்திருக்கிறது என்று அர்த்தம். அதுவே ஆற்றுச் சிப்பி என்றால், பக்கத்திலேயே பொறுக்கியிருக்கலாம். ஒரு துண்டு எந்த உயிரினம் என்பதை வைத்துத்தான் அது வணிகமா, உள்ளூர்ச் சரக்கா என்று சொல்ல முடியும்.

பார்த்தாலே தெரியாதா?

வளையல் என்றால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆனால் தேய்த்து மெருகேற்றிய குட்டி மணி, அரித்துப்போன துணுக்கு என்றால் கஷ்டம்தான்.

புரதம் எங்கே வருது?

ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கட்டும்போது உயிரினம் கொஞ்சம் புரதத்தையும் சேர்க்கிறது. அது படிகங்களுக்குள் சிக்கி, பல ஆயிரம் ஆண்டுகள்கூட தாக்குப்பிடிக்கும்.

ஆய்வில், துளியூண்டு தூளைச் சுரண்டி, வெளி அழுக்கை பிளீச்சால் நீக்கி, அமிலத்தில் கரைப்பார்கள். மிஞ்சும் புரதத்தை நொதியால் துண்டாக்கி, மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் எடை பார்ப்பார்கள். அந்த எடைகளின் வரிசைதான் அந்த உயிரினத்தின் ‘கைரேகை’.

எங்கே பலித்தது?

டென்மார்க், ஜெர்மனி, ருமேனியாவில் கிடைத்த, சுமார் 6,000 ஆண்டுகள் பழமையான அணிகலன்களில். 2019-ல் ‘இலைஃப்’ இதழில் முடிவு வெளியானது. எல்லாமே நன்னீர்ச் சிப்பி! கடலோரத்தில் வாழ்ந்தவர்கள்கூட ஆற்றுச் சிப்பியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். ‘கடல் பக்கம்னா கடல் சிப்பி’ என்ற ஊகம் அங்கே எடுபடவில்லை.

நம்ம ஊருக்குச் சரிவருமா?

மூன்று தடைகள் உண்டு. ஒன்று, வெயில். சூடு கூடக்கூட புரதம் சீக்கிரம் சிதையும். இரண்டு, சங்கின் ஓட்டில் புரதம் மிகக் குறைவு. உட்புறம் முத்துப்போல மின்னும் சிப்பிகளில்தான் அதிகம். மூன்று, ஒப்பிட்டுப் பார்க்க நம் கடல், ஆற்று உயிரினங்களின் புரதப் பட்டியல் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று: தூள் எடுத்தால் அந்த அளவுக்குப் பொருள் அழியும். அதனால் காட்சிக்கு வைக்கும் வளையலைத் தொட வேண்டியதில்லை. பெட்டிக்குள் போகும் உடைந்த துணுக்குகளே போதும். அவற்றையும், எந்தக் குழியில், எந்த ஆழத்தில் கிடைத்தவை என்ற குறிப்போடு பத்திரப்படுத்தினால், பின்னாளில் கேள்வி கேட்க ஒரு சாட்சி மிஞ்சும்.