தரணி பீடமும் ஷாம்பூ பாக்கெட்டும்

எங்கள் தெருவில் ஓர் அண்ணாச்சி இருக்கிறார். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், பக்தர், கடன் வாங்கினால் சொன்ன தேதியில் திருப்பிக் கொடுப்பவர். இந்த மூன்று குணங்களும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம் என்பதால் எனக்கு அவரிடம் மிகுந்த மரியாதை உண்டு. அந்த அண்ணாச்சி இமயமலை அம்மன் கோயில்களுக்கெல்லாம் க்ஷேத்திராடனம் போய்விட்டு, குங்குமப் பிரசாதமும் கம்பளித் தொப்பியுமாகத் திரும்பி வந்தார். விசாரிக்கப் போனேன்.

“அங்க போயிப் பார்த்தாத்தான் தம்பி தெரியும். சுவாலாமுகியில பாறைக்குள்ளயிருந்து தீ எரியுது. சிலை கிடையாது, ஒண்ணும் கிடையாது. தீதான் அம்மன்! எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. நம்ம பக்கம் அப்படி என்ன இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்?”

“குற்றாலத்தில் பராசக்தி பீடம் இருக்கிறதே, அண்ணாச்சி?”

“குத்தாலத்துலயா?” என்று அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு யோசித்தார். “நாப்பது வருசமா சீசனுக்குப் போறேன். அருவிப் பக்கத்துல ஒரு கோயில் இருக்கு, தெரியும். ஈரத்துணியோட எங்க தம்பி கோயிலுக்குள்ள போறது? குளிச்சோமா, ரெண்டு மங்குஸ்தான் வாங்கினோமான்னு வந்திருவோம்.”

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர். சுவாலாமுகி இரண்டாயிரத்துக்கும் மேல். அண்ணாச்சிக்கு இரண்டாவது பக்கத்தில் இருக்கிறது, முதலாவது தூரமாகிவிட்டது!

இதை அண்ணாச்சி ஒருவருடைய குறையாகச் சொல்லி அவரைச் சந்தியில் நிறுத்த நான் வரவில்லை. இது நம்மில் பெரும்பாலோரைப் பிடித்திருக்கும் வியாதி. புண்ணியத்தைக் கிலோமீட்டர் கணக்கில் அளக்கிறோம். மலை எவ்வளவு உயரமோ அம்மன் அவ்வளவு பெரியவள். டிக்கெட் எவ்வளவு விலையோ அருள் அவ்வளவு அதிகம்! வீட்டு வாசலில் நிற்கிற தாயை மட்டும் யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. பார்க்காவிட்டாலும் பரவாயில்லை, அவள் தலையில் அழுக்கையாவது கொட்டாமல் இருக்கிறோமா என்றால், அதுவும் இல்லை. என்னுடைய சண்டை இதைப் பற்றித்தான்.

குற்றாலத்துக் கோயிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். ஈரத்துணிக்குப் பயந்து உள்ளே போகாதவர்கள் நிறையப் பேர் இருக்கக்கூடும். பேரருவியின் இரைச்சல் காதில் விழும் தூரத்தில், சங்கு வடிவத்தில் அமைந்த கோயில் அது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் வந்து பாடிய தலம். இந்தக் கோயில் முதலில் திருமாலின் கோயிலாக இருந்ததென்றும், அகத்தியர் வந்து, நின்ற திருமேனியைக் கையால் அழுத்திக் குறுக்கிச் சிவலிங்கமாக ஆக்கினார் என்றும் தலபுராணம் சொல்கிறது. அப்போது திருமாலுடன் இருந்த ஸ்ரீதேவி குழல்வாய்மொழி அம்மை ஆனாள். பூதேவி பராசக்தி ஆனாள். இந்தக் கதையைச் சைவ வைஷ்ணவச் சண்டைக்குச் சாட்சியாக மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பராசக்தியின் சந்நிதிக்குத் தரணி பீடம் என்று பெயர். தரணி என்றால் பூமி. அங்கே நீங்கள் முகம் பார்த்துக் கும்பிட அழகான விக்கிரகம் கிடையாது. ஸ்ரீசக்கர மேருவாகத்தான் அவள் இருக்கிறாள்.

அதாவது, சுவாலாமுகியில் நெருப்பே அம்மன். குற்றாலத்தில் பூமியே அம்மன். அங்கேயும் சிலை இல்லை. இங்கேயும் முகம் இல்லை. அண்ணாச்சி எதைக் கண்டு அங்கே கண்ணீர் விட்டாரோ, அது இங்கே ஐந்தாறு கிலோமீட்டரில், பஸ்ஸில் போய்ப் பார்க்கிற தூரத்தில், நாற்பது வருஷமாக அவருக்காகக் காத்திருக்கிறது.

இமயத்து அம்மன்களைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அப்படி யாராவது நினைத்தால் அது என் எழுத்தின் கோளாறு. இமாசலப் பிரதேசத்தில் சம்பாப் பகுதியில் பர்மௌர் என்று ஓர் ஊர். அங்கே லட்சணா தேவிக்கு மரத்தால் கட்டிய கோயில் இருக்கிறது. பக்கத்தில் சத்ராடி என்ற ஊரில் சக்தி தேவி கோயில். இரண்டும் ஏறத்தாழ ஆயிரத்து முந்நூறு ஆண்டுப் பழமை கொண்டவை. அதாவது சம்பந்தர் குற்றாலத்தைப் பாடிய காலத்தை ஒட்டியவை. பனியிலும் மழையிலும் மரக்கோயில் அவ்வளவு காலம் நிற்பதென்றால், தலைமுறை தலைமுறையாக யாரோ கூரை மாற்றி, தூணைத் தாங்கிப் பாதுகாத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்குள்ள பித்தளைத் திருமேனிகளின் பீடத்தில் மேருவர்மன் என்ற அரசன் பெயரோடு, அவற்றை வார்த்த குக்கன் என்ற சிற்பியின் பெயரும் பொறித்திருக்கிறது. கோயில் கட்டிய ராஜாக்களின் பெயர் நமக்கு ஆயிரம் தெரியும். வேலை செய்தவன் பெயரைப் பீடத்திலேயே பொறித்துவைத்த இடங்கள் எத்தனை?

மணாலியில் இடும்பி தேவிக்கு 1553ஆம் ஆண்டில் கட்டிய மரக்கோயில் இருக்கிறது. மகாபாரதத்து அரக்கியை அந்த ஊர்க்காரர்கள் தாயாக வைத்துக் கும்பிடுகிறார்கள். கோயிலைச் சுற்றி வானளாவிய தேவதாருக் காடு. அந்த மலை நாட்டில் தெய்வத்துக்கென்று விட்ட காடுகள் பல உண்டு. அவற்றில் கோடரி வைக்க ஊரார் துணிவதில்லை. மரம் அம்மனுடையது, அவ்வளவுதான்; வேறு சட்டம் வேண்டியதில்லை.

இமயத்துக்குப் போய்வருகிற நம் யாத்திரிகர்கள் குங்குமம் கொண்டுவருகிறார்கள், போட்டோ கொண்டுவருகிறார்கள், கம்பளித் தொப்பி கொண்டுவருகிறார்கள். இந்த ஒரு பாடத்தை மட்டும் கொண்டுவருவதில்லை. கொண்டுவந்திருந்தால் நம்முடைய மலை இன்று இருக்கிற மாதிரி இருக்குமா?

பேரருவிக்கு மேலே, காட்டுக்குள், செண்பகாதேவி என்று ஓர் அருவி இருக்கிறது. அங்கே செண்பகாதேவி அம்மனுக்குக் கோயிலும் இருக்கிறது. மலை, காடு, அருவி, அம்மன்; இமயத்தில் நீங்கள் தேடிப்போகிற எல்லாம் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. வனத்துறையின் கட்டுப்பாடு இருப்பதால் நினைத்தபோது அங்கே போக முடியாது. சிலர் இதற்காகக் கோபித்துக்கொள்கிறார்கள். எனக்கோ, அந்த அம்மன் தப்பித்தாள் என்றுதான் தோன்றுகிறது. மனிதன் தடையின்றிப் போய்வருகிற பேரருவியின் கதி என்ன என்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

பேரருவிப் பாறையில் சிவலிங்கங்கள் செதுக்கியிருக்கின்றன. பொங்குமாங்கடலில் விழுந்து, பொங்கி, அந்த லிங்கங்களுக்கு அபிஷேகம் செய்துகொண்டுதான் தண்ணீர் நம் தலையில் விழுகிறது. பாறையையே லிங்கமாகவும், அருவியையே அபிஷேகமாகவும் பார்த்த மனிதர்கள் ஒரு காலத்தில் இங்கே இருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாம், தலை நிறைய எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, ஷாம்பூ பாக்கெட்டைப் பல்லால் கிழித்துக்கொண்டு அதே அருவிக்குள் போகிறோம். கிழித்த பாக்கெட் காலடியில். நுரை சிற்றாற்றில். சிற்றாறு தாமிரவருணியில். தாமிரவருணித் தண்ணீர் யார் யார் வீட்டுக் குடத்தில் என்று நான் சொல்ல வேண்டுமா?

எண்ணெய், சோப்பு, ஷாம்பூ எதையும் அருவியில் உபயோகிக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதிக்க வேண்டியதாயிற்று. எனக்கு இது வெட்கமாக இருக்கிறது. பூமியே தாய் என்று பீடம் அமைத்துக் கும்பிட்ட ஊரில், “தாயின் தலையில் சோப்பு நுரையைக் கொட்டாதே” என்று நீதிபதி சொல்லித்தானா தெரிய வேண்டும்?

இனி எதிர்க்கட்சிக்காரர்களுக்குப் பதில் சொல்லவேண்டும்.

“தூரப் பிரயாணத்தில்தான் மனம் கனிகிறது, பக்கத்திலிருப்பது பழகிப்போய்விடுகிறது” என்பது ஒரு வாதம். இதில் பாதி உண்மை இருக்கிறது. மனம் கனிவதற்காகப் போய்வாருங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் கனிந்த மனம் ஊர் திரும்பிய பிறகு எங்கே போகிறது? பாரதியாரைப் பாருங்கள். இளமையில் 1898 முதல் நாலாண்டு காசியிலேயே வாழ்ந்தவர். கங்கையை நன்றாகப் பார்த்தவர். அவரே பிறகு 1918 கடைசியில் கடையத்துக்கு வந்து தங்கினார். தென்காசிக்குப் பக்கத்துச் சிற்றூர் அது. அங்கே அவருக்குச் சக்தி இல்லாமல் போய்விட்டாளா? கடையத்தில் நித்திய கல்யாணி இருந்தாள், மலை இருந்தது, வயல் இருந்தது. காசியைப் பார்த்தவர் கண்ணுக்குக் கடையம் சிறியதாகப் படவில்லை.

இன்னொரு கட்சி, நம் உள்ளூர்ப் பெருமைக்காரர்கள். “எங்கள் பீடம்தான் ஆதி, இமயத்துப் பீடமெல்லாம் அப்புறம்” என்று மார் தட்டுகிறவர்கள். இவர்களோடும் எனக்கு ஒத்துவராது. சக்தி பீடங்கள் பதினெட்டு என்று ஒரு கணக்கு. ஐம்பத்தொன்று என்று ஒன்று. அறுபத்துநான்கு, நூற்றெட்டு என்றும் கணக்குகள் உண்டு. ஒரு ஜாபிதாவில் இருக்கிற ஊர் இன்னொன்றில் இல்லை. ஆதிசங்கரர் பெயரால் வழங்கும் பதினெட்டில் குற்றாலம் கிடையாது. அதனால் குற்றாலத்துக்கு என்ன நஷ்டம்? தாய்க்கு நம்பர் போட்டு வரிசையில் நிறுத்துகிற வேலையைப் பிள்ளைகள் செய்யக் கூடாது. ஜாபிதாவில் முதலிடம் கேட்டு வாதாடுகிறவரும் ஷாம்பூ போட்டுத்தான் குளிக்கிறார் என்றால், அந்த முதலிடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மூன்றாவது, சீசனை நம்பிப் பிழைக்கிற கடைக்காரர்கள். “கூட்டம் வராவிட்டால் நாங்கள் எதைத் தின்பது?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கூட்டம் வரட்டும். ஆனி ஆடிச் சாரலிலும் வரட்டும். கார்த்திகை மார்கழியில் மாலை போட்டுக்கொண்டும் வரட்டும். மங்குஸ்தானும் நேந்திரம் சிப்ஸும் அமோகமாக விற்கட்டும். ஷாம்பூ பாக்கெட் விற்காமலே ஒரு கடை நடக்க முடியும் என்றுதான் நான் சொல்கிறேன். அருவி செத்தால் கடைக்கும் அன்றோடு பூட்டு என்பது என்னைவிட அவர்களுக்குத் தெரியும்.

பக்கத்திலிருப்பதைப் போற்றவேண்டும் என்பது என் சொந்தச் சரக்கு அல்ல. தென்காசி என்ற ஊரே அந்த எண்ணத்தில் பிறந்ததுதான். பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் இங்கே விசுவநாதருக்கும் உலகம்மைக்கும் கோயில் எடுத்தான். திருப்பணி 1446இல் தொடங்கியது. வட காசிக்கு நடக்க முடியாதவன், வழியிலேயே உயிர் போய்விடுமோ என்று அஞ்சுகிறவன், அவனுக்கும் காசி கிடைக்கட்டும் என்று தெற்கே ஒரு காசி. அம்மனுக்கு அவள் தென்காசிக்கு மட்டும் சொந்தமில்லை என்று தெரியும்படி உலகம்மை என்று பெயர். அந்தப் பாண்டியன் கல்வெட்டில் தன் வீரத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போகவில்லை. பின்னொரு காலத்தில் இந்தக் கோயிலுக்கு ஏதேனும் சேதம் வந்து, அதைச் சரிசெய்து காப்பாற்றுகிறவர் யாராக இருந்தாலும், அவர் பாதத்தில் நான் இப்போதே விழுந்து வணங்குகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறான். முடி சூடிய ராஜா, இன்னும் பிறக்காத யாரோ ஒரு காவலாளியின் காலில் விழுகிறான்!

அவன் பயந்தது போலவே நடந்தது. கோபுரம் சிதைந்து, வெகு காலம் மொட்டையாக நின்றது. 1990இல்தான் ஒன்பது நிலைக் கோபுரம் மறுபடி எழுந்தது. இமயத்திலும் இதே கதை உண்டு. 1905 ஏப்ரல் 4ஆம் தேதி காங்டாப் பள்ளத்தாக்கில் பூகம்பம் வந்து ஏறத்தாழ இருபதாயிரம் பேர் மாண்டார்கள். வஜ்ரேசுவரி அம்மன் கோயில் தரைமட்டமாயிற்று. அதையும் பிறகு மீண்டும் கட்டினார்கள். இடிந்தால் கட்டலாம். கல்லுக்கும் மரத்துக்கும் அந்த வசதி இருக்கிறது. காடு அழிந்து, ஊற்று வற்றி, அருவி நின்றுபோனால் எந்த ஸ்தபதியைக் கூப்பிட்டு எடுத்துக் கட்டுவது?

2024 மே 17ஆம் தேதி பழைய குற்றாலத்தில் திடீரென்று வெள்ளம் வந்து, குளித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பையன் ஒருவனை அடித்துக்கொண்டு போயிற்று. 2025 ஆகஸ்டு 26ஆம் தேதி வைஷ்ணவ தேவி மலைப் பாதையில் நிலம் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட யாத்திரிகர்கள் இறந்தார்கள். அம்மன் கோபம் என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். பிள்ளையைக் கொல்லுகிற தாய் எனக்கு வேண்டாம். ஆனால் மலை என்பது நாம் குளிக்கவும் கும்பிடவும் போட்டோ எடுக்கவும் போட்டுவைத்த மேடை அல்ல, அதற்குத் தனக்கென்று ஒரு நடப்பு உண்டு என்பதைத் தெரிந்துகொள்ள இந்த இரண்டு மலைகளுமே போதும்.

சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இமயத்துக்குப் போகிறவர்கள் போங்கள். போவதற்கு முன்னால் ஒரு நாள் குற்றாலத்துக்குப் போங்கள். எண்ணெய் தேய்க்காமல், ஷாம்பூ இல்லாமல், வெறும் தலையோடு அருவியில் நில்லுங்கள். பிறகு அந்த ஈரத்தோடு தரணி பீடத்துக்கு முன்னால் போய் நில்லுங்கள். குளித்த ஈரத்தோடு கோயிலுக்குப் போவதுதான் நம் பாட்டன் பூட்டன் வழக்கம். அருவியின் அருகிலேயே கோயிலைக் கட்டிவைத்தவர்களுக்கு ஈரத்துணி விஷயம் தெரியாதா, என்ன?

இதையெல்லாம் அண்ணாச்சியிடமும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கம்பளித் தொப்பியைக் கொஞ்ச நேரம் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“அடுத்த சாரலுக்கு நீங்களும் கூட வாங்க தம்பி, போவோம்” என்றார். பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு, “எண்ணெய் மட்டும் கொஞ்சம் போல வச்சுக்கிடலாம்லா?” என்று கேட்டார்.