பன்னிரண்டு பேரை மறந்துவிடுவோமா?



வளவனூரில் ரயிலேறினால் கொஞ்ச நேரத்தில் புதுச்சேரி. இன்று நடுவழியில் நம்மை யாரும் நிறுத்துவதில்லை. 1947 வரை இந்தப் பக்கம் பிரிட்டிஷ்காரன், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன். இங்கே வேட்டையாடப்பட்டவர்கள் அங்கே போய் ஒதுங்கினார்கள். 1908இல் பாரதி போனதும் அப்படித்தான். அங்கிருந்து வந்த 'இந்தியா' பத்திரிகை இங்கே நுழையக்கூடாது என்று பிரிட்டிஷ் சர்க்கார் தடை போட்டது. இதனால் பிரெஞ்சு ஆட்சியைத் தரும தேவதை என்று நம்பியவர்களும் உண்டு.

அந்தத் தரும தேவதையின் முகத்தை ஆலைத் தொழிலாளியைக் கேட்டால் சொல்வான்.

சவானா, ரோடியர், கெப்ளே என்று மூன்று பஞ்சாலைகள். விடியுமுன் உள்ளே போனால் இருட்டிய பிறகே வெளியே. சங்கம் வைக்க உரிமை கிடையாது. தோழர் வ. சுப்பையா 1934இல் தொடங்கிய 'சுதந்திரம்' பத்திரிகைதான் தொழிலாளியின் குரல். 1936 ஜூலையில் தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 30 அன்று சவானா ஆலையில் துப்பாக்கிகள் வெடித்தன. 12 தொழிலாளர்கள் மாண்டார்கள். அப்போது பாரீஸில் வீற்றிருந்தது யார்? சோஷலிஸ்டு லியோன் புளூமின் மக்கள் முன்னணி மந்திரிசபை! அங்கே தொழிலாளிக்கு வாரம் 40 மணி நேரம் என்று சட்டம். இங்கே தொழிலாளிக்குத் தோட்டா. காலனி ஆட்சி என்றால் என்னவென்று இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியுமா?

ஆனாலும் சுட்டவன் நினைத்தது நடக்கவில்லை. 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் சட்டமாயின.

பாரதி 1921இலேயே மறைந்தார். ஏழு வருஷம் கழித்து, 1928இல், அவர் பாட்டுப் புத்தகங்களைச் சென்னை சர்க்கார் பறிமுதல் செய்தது. இறந்தவனின் பாட்டுக்கு இவ்வளவு பயம்! அந்தப் பயம் நியாயமானதுதான். புத்தகத்தைப் பறிக்கலாம், மனப்பாடமாய்ப் பாடுகிறவன் வாயைப் பறிக்க முடியுமா?

ஆலை வாசல் இருந்தவரை பன்னிரண்டு பேரின் கதையும் இப்படியே வாய்மொழியாக நின்றது. பெரியவர் சொல்ல, புதிதாய்ச் சேர்ந்த பையன் கேட்டான். அந்த மூன்று ஆலைகளும் கைமாறி, பெயர் மாறி, 2020இல் மூடப்பட்டுவிட்டன. வாசலே இல்லாத இடத்தில் கதை எங்கே நிற்கும்? நம்மீதும் குற்றம் உண்டு. மாலை, கோஷம், அரைமணிப் பேச்சு என்று தியாகிகள் தினத்தை முடித்துவிடுகிறோம்.

இது பழங்கதை என்கிறார்கள் சிலர். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியதே, அதுவும் பழங்கதையா? விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்றார்கள் மந்திரிகள். அது யாருடைய விருப்பம் என்று நமக்குத் தெரியாதா? சங்கங்கள் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று வாபஸ் என்று அறிவித்தார்கள். எட்டு மணி நேரத்துக்கு விலை கொடுத்தவர்களை மறக்காதவர்கள் இருந்ததால்தான் அது முடிந்தது. வயலில் நாற்று நடும் நம் பெண்களுக்கோ அந்த எட்டு மணி நேரம் இன்னும் எட்டவில்லை. இந்தக் கதை அவர்களுக்கும் வேண்டும்.

ஆகவே வளவனூர் வட்டாரத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். 2020 வரை அந்த ஆலைகளில் வேலை பார்த்தவர்கள் நம் பக்கத்துக் கிராமங்களில் இருந்தால் தேடிப் போங்கள். தகப்பனும் பாட்டனும் அவர்களிடம் சொன்னதைக் கேளுங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். எழுதத் தெரிந்த பிள்ளை இன்று எல்லார் வீட்டிலும் இருக்கிறது.