மரத்துப்போகும் கைகள்

பாலக்காட்டின் வாளையாறு, கோபாலபுரம் சோதனைச் சாவடிகளிலும், இடுக்கியின் குமுளி, போடிமெட்டு வழிகளிலும் போதைப்பொருள் பிடிபடும் செய்திகள் அடிக்கடி வருகின்றன. பிடிபட்ட பொட்டலத்தின் எடை நாளிதழில் அச்சாகிறது. அதை உடலில் ஏற்றிக்கொண்ட இளைஞனின் கை என்னவாயிற்று என்று எவரும் கேட்பதில்லை.

ஊசிவழிப் போதை நரம்பைப் பல வழிகளில் கெடுக்கிறது. விழுங்க வேண்டிய வலிநிவாரணி மாத்திரையைப் பொடித்துக் கரைத்து ஏற்றினால், அதிலுள்ள கரையாத துகள்கள் நுண்ணிய இரத்தக் குழாய்களை அடைக்கின்றன. ஊசி தவறித் தமனியில் இறங்கினால் விரல்களே அழுகிப்போகலாம். ஊசி குத்திய இடத்தில் சீழ்க்கட்டி வளர்ந்து நரம்பை நெரிக்கிறது. மயக்கத்தில் தன் கையின் மீதே மணிக்கணக்கில் கிடப்பவருக்குத் தசை வீங்கி, நரம்பு நசுங்கி, மணிக்கட்டு தொங்கிவிடுகிறது. பகிர்ந்த ஊசியால் தொற்றும் எச்ஐவியும் ஹெபடைடிஸ்-சியும் நாளடைவில் கைகால் நரம்புகளைத் தாக்குகின்றன. பாலக்காட்டை அடுத்த மலப்புறம் மாவட்டம் வளாஞ்சேரியில், ஊசியைப் பகிர்ந்துகொண்ட குழுவினரிடையே எச்ஐவி பரவியது 2025 மார்ச்சில் வெளிவந்தது. அவர்களில் புலம்பெயர்ந்த தொழிலாளர்களும் இருந்தனர்.

கொழுந்து பறிக்கவும் ஏலக்காய் எடுக்கவும் விரல்நுனியில் உணர்வு வேண்டும். கையைத் தவிர வேறு உடைமை இல்லாதவனுக்குக் கை மரத்துப்போவது வேலையிழப்பே ஆகும். கை சில்லிட்டு, வெளுத்து, தாங்கொணா வலியுடன் வீங்கினால் சில மணி நேரத்திற்குள் மருத்துவமனையை அடைய வேண்டும். தாமதித்தால் உறுப்பையே இழக்க நேரிடும். ஆயினும் காவல்துறைக்கு அஞ்சியும் ஊராரின் ஏச்சுக்கு நாணியும் அவன் அறைக்குள் முடங்குகிறான். அந்த அச்சமே பாதிக் கேட்டைச் செய்துவிடுகிறது.

சட்டம் அவனைக் கைவிட்டுவிடவில்லை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் தாமே முன்வந்து அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், நுகர்வு மற்றும் சிறு அளவு தொடர்பான குற்றங்களுக்கு வழக்கிலிருந்து விலக்களிக்கிறது. சிகிச்சையை முழுமையாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2017ஆம் ஆண்டின் எச்ஐவி சட்டத்தின் 22ஆவது பிரிவு, தூய ஊசி வழங்கல், மாற்று மருந்துச் சிகிச்சை போன்ற நோய்த்தடுப்புப் பணிகளைக் குற்றமாகக் கருதக்கூடாது என்கிறது. நாட்டில் ஊசிவழி போதை ஏற்றுவோர் ஏறத்தாழ 8.5 லட்சம் பேர் என ஒன்றிய அரசே 2019இல் மதிப்பிட்டது. இத்தனை பேரில் இந்த உரிமைகளை அறிந்தவர் எத்தனை பேர்?

கேரளத்தில் 2016 முதல் விமுக்தி இயக்கம் நடக்கிறது. அது எல்லையின் தமிழ்த் தொழிலாளியையும் எட்ட வேண்டும். சித்தூர், தேவிகுளம், பீருமேடு, உடும்பன்சோலை வட்டங்களில் தமிழ் பேசும் ஆலோசகர்களை அமர்த்த வேண்டும். மாற்று மருந்தை நாள்தோறும் பெற வேண்டியவர் வேலைக்காகக் கம்பத்திற்கோ பொள்ளாச்சிக்கோ சென்றால், அங்கும் அது தடையின்றிக் கிடைக்க இரு மாநில அரசுகளும் ஏற்பாடு செய்ய வேண்டும். சீட்டின்றி வலிநிவாரணி விற்கும் கடைகள் மீதும், அவற்றுக்குச் சரக்கு அனுப்பும் மொத்த வணிகர் மீதும் நடவடிக்கை பாய வேண்டும்.

தோழர்களுக்கும் இதில் பணி உண்டு. கடத்தல்காரனை எதிர்ப்பதில் சமரசம் கூடாது. ஊசியால் கெட்டவனை வெறுப்பதற்கு அது காரணமாகிவிடவும் கூடாது. லயங்களிலும் குடியிருப்புகளிலும் 64ஏ பிரிவை எடுத்துரைப்பதும், மரத்த கையோடு ஒளிந்திருப்பவனை மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று உடன் நிற்பதும் ஒவ்வொரு கிளையின் கடமையாகும்.