பக்கவாத்தியத்துக்குக் கணக்குப் பார்க்கலாமா?

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன். செம்பூரில் என் பெண் வயலின் கற்றுக்கொள்ளும் வகுப்பில், ஆண்டு நிகழ்ச்சிக்குப் பியானோ வாசிப்பவர் தேவையில்லை, பதிவு செய்த இசையை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டால் போதும் என்று முதன்முதலில் வாய் திறந்தவன் நான்தான். இன்று அதை மறுத்து எழுதுபவனும் நானே.

என் பெண் கற்பது கர்நாடக வயலின் அல்ல, மேற்கத்திய வயலின். வீட்டில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. "சம்மணம் போட்டு உக்காந்து வாசிக்க வேண்டியதை இவ நின்னுக்கிட்டுல்லா வாசிக்கா!" என்று திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா அங்கலாய்த்தார். உட்கார்ந்து வாசிக்கப் பழகியது நாம்தான் என்று அவரிடம் சொன்னேன். ஏறக்குறைய 200 ஆண்டுகளுக்கு முன், முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதை நம் இசைக்குக் கொண்டுவந்தார். அண்ணனும் சும்மா இருக்கவில்லை. வெள்ளைக்காரர்களின் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். நோட்டு சுரம் என்று நம் பிள்ளைகள் பாடுவது அதைத்தான். ஆகவே, "இது நம்முடையது அல்ல" என்ற பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எனக்கிருந்த குறையெல்லாம் காசைப் பற்றியது. கூடத்தின் வாடகை, பியானோ வாசிப்பவருக்குச் சன்மானம் என்று குழந்தைக்கு 1,200 ரூபாய் கேட்டார்கள். வாசிப்பதோ ஐந்து நிமிடம். போதாக்குறைக்கு இரண்டு சனிக்கிழமை ஒத்திகை வேறு. பியானோவைத் தூக்கிக்கொண்டு செம்பூருக்கு வர முடியாது. அது பாந்த்ராவில் ஒரு மாதா கோயில் கூடத்தில் இருக்கிறது. எனவே நாங்கள்தான் வடாலாவில் வண்டி மாறிப் போகவேண்டும். செல்போனிலேயே பியானோப் பகுதி முழுவதும் கிடைக்கிறதே, எதற்கு இந்த அலைச்சல் என்று கேட்டேன். நான்கைந்து பெற்றோர் உடனே தலையாட்டினார்கள். ஆசிரியை கோவாக்காரர், அதிர்ந்து பேசாதவர். "இந்த ஒரு தடவை பாருங்கள். அடுத்த வருஷம் நீங்களே முடிவு செய்யுங்கள்" என்று மட்டும் சொன்னார்.

பியானோ வாசிக்க வந்தவர் எழுபதைக் கடந்தவர். பிள்ளைகளுக்கு அவர் 'அங்கிள்'. முதல் ஒத்திகையில் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்து, அதற்கு ஒவ்வொரு பிள்ளையின் வயலினையும் சுருதி சேர்க்க வைத்தார். வயலினில் வீணையைப் போல மெட்டுகள் கிடையாது. விரல் மயிரிழை நகர்ந்தாலும் சுரம் நழுவும். பியானோவோ ஒரு தடவை சுருதி சேர்த்துவிட்டால் வாசிக்கும்போது அசைக்க முடியாதது. அதன் பக்கத்தில் நின்று வாசித்தபோதுதான், தன் விரல் எங்கே தவறுகிறது என்று என் பெண்ணுக்கே காது சொன்னது. வீட்டில் நான் எத்தனை தடவை சொல்லியும் ஏறாத விஷயம் அது.

இரண்டாவது பாடம் வேகத்தில் வந்தது. செல்போன் இசையோடு பழகியவள், அங்கே குதிரை மாதிரி ஓடினாள். பெரியவர் நிறுத்தினார். "நான் உன்னோடு வருகிறவன். எப்போது தொடங்குகிறாய் என்று வில்லைத் தூக்கும்போது உன் மூச்சிலேயே எனக்குச் சொல்லு" என்றார். அவளுக்கு அது புதிது. அதுவரை இசையின் பின்னால் அவள் ஓடிக்கொண்டிருந்தாள். இப்போது இன்னொருவர் அவளைப் பார்த்து, அவளுக்காகக் காத்திருக்கிறார்.

நம் கச்சேரிகளில் வயலின் பாடகருக்குப் பக்கவாத்தியம். பாடகரின் வாயைப் பார்த்து, அவர் போகும் இடமெல்லாம் நிழல்போலப் போவது வயலின்காரரின் வேலை. இங்கே வயலின் பிடித்த குழந்தைக்கு நடு இடம்; பியானோ பக்கவாத்தியம். இடம் மாறினாலும் தர்மம் ஒன்றுதான். லால்குடி ஜெயராமனையும் எம்.எஸ். கோபாலகிருஷ்ணனையும் கேட்டு வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் நான்தான் கணக்குப் பார்த்தேன்!

2024 டிசம்பரில் நிகழ்ச்சி நடந்தது. பதினான்கு பிள்ளைகள். கடைக்குட்டிக்கு ஆறு வயது; 'ட்விங்கிள் ட்விங்கிள்' வாசித்துவிட்டு, குனிந்து வணங்க மறந்து ஓடி வந்துவிட்டான். என் பெண்ணுக்கு விவால்டியின் ஏ மைனர் கான்செர்ட்டோவின் முதல் பகுதி. 1711-ல் அச்சான இசை அது. வயலினோடு ஒரு வாத்தியக் குழுவே சேர்ந்து வாசிக்க எழுதியது. குழுவின் பங்கையெல்லாம் பியானோ ஒன்றே ஏற்றுக்கொள்ளும்.

பாதி வரை நன்றாகப் போயிற்று. அப்புறம் ஓர் இடத்தில் அவள் ஒரு வரியைத் தாண்டி, அடுத்த வரிக்குப் போய்விட்டாள். அவள் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். பெரியவர் தலையைத் திருப்பவே இல்லை. இடது கை ஓடிக்கொண்டே இருந்தது. கண் இமைக்கும் நேரத்தில் அவர் அவள் இருந்த இடத்துக்கு வந்துவிட்டார். கூடத்தில் பெரும்பாலோருக்கு எதுவும் தெரியவில்லை. இறங்கி வந்ததும் அவள் சொன்னாள்: "அப்பா, நான் தப்பு பண்ணிட்டேன். அங்கிள் வந்து பிடிச்சுக்கிட்டார்."

ஒலிபெருக்கியில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அது தன் பாட்டுக்குப் போயிருக்கும். பத்து வயதுக் குழந்தை இருநூறு பேர் முன்னால் தனியாக நின்றிருக்கும். அந்த 1,200 ரூபாயை நான் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தது எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு அவரோடு தேநீர் குடித்தபோது, இளமையில் இந்திப் படப் பாடல் பதிவுகளில் வாசித்ததாகச் சொன்னார். பம்பாய் ஸ்டூடியோக்களில் நூறு பேர் வரை சேர்ந்து வாசித்த காலம் ஒன்று இருந்தது. அவர்களில் கோவாக்காரர்கள் நிறைய. இசையமைப்பாளர் பியாரேலாலுக்கு வயலின் கற்றுக்கொடுத்த ஆன்டனி கொன்சால்வஸும் ஒரு கோவாக்காரர்தான். 1977-ல் வந்த 'அமர் அக்பர் ஆன்டனி' படப் பாட்டில் ஒலிப்பது அவர் பெயர். 1980-களிலும் 90-களிலும் சிந்தசைசர் வந்து அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிட்டது. "அப்போதும் செலவு மிச்சம் என்றுதான் சொன்னார்கள்" என்று சிரித்தார். என் யோசனை அவர் காதுக்கு எட்டியிருக்குமோ என்று எனக்கு உள்ளூரக் கூசியது.

எதிர்க்கட்சி வாதத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பிள்ளைகள் கற்கும் வீட்டில் 2,400 ரூபாய் சின்னத் தொகை அல்ல. வீட்டில் பழகுவதற்குப் பதிவு இசை உதவத்தான் செய்கிறது. என் பெண்ணும் பழகட்டும். மேடைச் செலவைக் குழந்தைக்கு இவ்வளவு என்று வைக்காமல் குடும்பத்துக்கு இவ்வளவு என்று வைக்கலாம். முடிந்தவர்கள் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். கூடத்தில் சமோசாவும் குளிர்பானமும் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது. பியானோ வாசிப்பவரின் சன்மானம் மட்டும் கடைசியாகக் கைவைக்க வேண்டிய இடம்.

நம் சங்கத்துக்கும் இதில் சேதி உண்டு. ஆண்டு விழாவில் நம் பெண்கள் பரதம் ஆடுவது பதிவு இசைக்கு. பிள்ளைகள் பாடுவது கரோகிக்கு. ஒரு நிகழ்ச்சிக்காவது மிருதங்கத்துக்கும் நட்டுவாங்கத்துக்கும் ஆள் வைத்துப் பார்ப்போமே. நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை இரண்டு குறையட்டும். கால் தடுமாறுகிற குழந்தையை நட்டுவனார் தாளத்தட்டில் பிடித்துக்கொள்வார். பென் டிரைவுக்கு அது தெரியாது.

அடுத்த மாதம் வகுப்பில் பெற்றோர் கூட்டம். பியானோ வேண்டுமா, வேண்டாமா என்று முடிவெடுக்கப் போகிறோம். சென்ற தடவை வேண்டாம் என்று முதலில் கை தூக்கியவன், இந்தத் தடவை வேண்டும் என்று முதலில் தூக்கப் போகிறேன். அன்று என் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிய நண்பர்கள் இதைப் படித்தால், அவர்களும் கொஞ்சம் யோசிக்கட்டும்.