ஆறாவது கட்டத்தில் ஒரு பெயர்

அமெரிக்கப் பட்டியல் தென்னூர் உழவர் சந்தை வரைக்கும் வந்துவிட்டது. டீக்கடையில் பக்கத்தில் நின்ற இளைஞர் கைபேசியை நீட்டினார். "சார், எப்ஸ்டீன் லிஸ்ட். நம்ம ஆளு யாராச்சும் இருக்காங்களா பாருங்க." விரல் தள்ளத் தள்ளப் பெயர்கள் ஓடின. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

அது குற்றவாளிகள் பட்டியலே அல்ல. சிறுமிகளைச் சீரழித்த அமெரிக்கப் பணக்காரன் எப்ஸ்டீனிடம் சிறுவயதில் சிக்கிய வர்ஜீனியா ஜுஃப்ரே, அவன் கூட்டாளி கிலேன் மேக்ஸ்வெல் மீது 2015ல் போட்ட அவதூறு வழக்கின் காகிதங்கள். உரிமையியல் வழக்கு, 2017ல் சமரசமாக முடிந்தது. நீதிபதி லொரெட்டா பிரெஸ்காவின் உத்தரவால் 2024 ஜனவரியில் காகிதங்கள் வெளியே வந்தன. சாட்சி, விருந்தாளி, பாதிக்கப்பட்டவர் என எல்லார் பெயரும் அதில் உண்டு. சிறுமிகளாக இருந்தபோது சீரழிக்கப்பட்ட சிலருடைய பெயர்களை மட்டும் நீதிபதி திறக்க விடவில்லை.

நம் ஊரில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர்தான் முதலில் வெளியே வருகிறது. காவல் நிலையத்தின் முதல் தகவல் அறிக்கைப் படிவத்தை ஒருமுறை கையில் வாங்கிப் பாருங்கள். ஆறாவது கட்டம் புகார்தாரருக்கு: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், தொழில், முகவரி. ஏழாவது எதிரிக்கு; பல நேரம் 'அடையாளம் தெரியாத நபர்' என்பதோடு சரி. எட்டாவது, புகார் கொடுக்கத் தாமதம் ஏன்? அதற்கும் அவள்தான் பதில் சொல்ல வேண்டும்.

2019 பொள்ளாச்சி பாலியல் வழக்கில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்களிடம் புகார் கொடுத்த பெண்ணின் பெயரைச் சொன்னார். அரசாணையிலும் பெயர் அச்சானது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 2024 டிசம்பரில் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான அண்ணா பல்கலைக்கழக மாணவியின் முதல் தகவல் அறிக்கையே இணையத்தில் கசிந்தது. தொழில்நுட்பக் கோளாறு என்றார்கள். நீதிபதிகள் எஸ்.எம். சுப்பிரமணியம், வி. லட்சுமிநாராயணன் அமர்வு விதித்ததும் 25 லட்சம்தான். இத்தகைய அறிக்கையை இணையத்தில் ஏற்றக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016லேயே சொல்லியிருந்தது. பெயருள்ள ஆவணத்தை உறையிலிட்டு முத்திரை வைத்து, பெயர் நீக்கிய நகலையே மற்ற இடங்களில் பயன்படுத்த வேண்டும் என்று 2018ல் நிபுன் சக்சேனா வழக்கில் விளக்கமாகவே எழுதியது. ஓர் உறை, கொஞ்சம் அரக்கு. அதைக்கூடச் செய்ய முடியாதா?

அந்த டிசம்பரில் அறிக்கை எங்கள் உறவினர் குழுவுக்கும் வந்தது. அனுப்பியவர் ஸ்ரீரங்கத்தில் இருக்கும் என் பெரியப்பா மகன், ஓய்வு பெற்ற அதிகாரி. மேலே 'பாவம் இந்தப் பொண்ணு' என்று எழுதி, கீழே அவள் வீட்டு முகவரியோடு அனுப்பியிருந்தார். உடனே போன் போட்டேன்.

"அண்ணா, அதை அழிச்சிடுங்க. பேரை வெளியிட்டா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில்."

"எல்லா குரூப்புலயும்தானேடா ஓடுது."

"1983லேருந்து இருக்கிற சட்டம்ணா. முதல்ல நீங்க அழிங்க" என்றேன். அவர் அழிக்கும்வரை போனை வைக்கவில்லை.