கழிக்கப்படுவது கணினி மட்டும்தானா?

மண்வெட்டியின் பிடி முறிந்தால் புதுப் பிடி போடுவதே உழவன் வழக்கம். முறிந்த பிடிக்காக நல்ல இரும்பை வீசி எறிபவனைக் கண்டு ஊர் சிரிக்கும். ஆயினும், படித்தவர்கள் நிறைந்த நம் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் இன்று நடைபெறுவது அதுவேயாகும். இரும்பு நன்றாக இருக்கிறது. பிடி மட்டுமே பழுது. ஆனால் மண்வெட்டி முழுவதையும் குப்பையில் போடுமாறு நமக்கு ஆலோசனை கூறப்படுகிறது. நாம் குறிப்பிடுவது பழைய கணினிகளை.

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் மைக்ரோசொப்ட் நிறுவனம் தனது விண்டோஸ் 10க்கு வழங்கிவந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை நிறுத்திக்கொண்டது. பதிவு செய்துகொண்ட வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் வரை ஒரு தவணை கொடுக்கப்பட்டது. நிறுவனங்கள் பணங்கட்டி மேலும் சிறிது தவணை வாங்கலாம். அதற்குப் பின்னரும் கணினி இயங்கும். ஆனால் அதில் காணப்படும் ஓட்டைகளை அடைப்பார் இல்லை. பூட்டுப் பழுதான வீட்டில் குடியிருப்பதற்கு அது ஒப்பாகும்.

விண்டோஸ் 11க்கு மாறலாமே என்று கேட்கலாம். அதற்கு 4 கிகாபைட் நினைவகம் வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். ஏறத்தாழ 2018க்குப் பின் வந்த செயலி வேண்டும். 2014இலோ 2015இலோ வாங்கிய கணினி எத்துணை நலத்துடன் இருப்பினும், அந்த வாசலில் அதற்கு அனுமதி இல்லை. இயந்திரம் தோற்கவில்லை, வாயிற்காவலனே உள்ளே விட மறுக்கிறான்.

இதனால் துன்புறுவோர் யார்? கொழும்பில் உள்ள பெரிய கம்பனிகள் புதியன வாங்கிக்கொள்ளும். மாத்தளை மாவட்டத்தின் மலைச்சரிவில் உள்ள தோட்டப் பாடசாலை என்ன செய்யும்? அண்மையில் நாம் சென்றிருந்த அத்தகைய பாடசாலை ஒன்றில் கணினி அறைக்குப் பூட்டுப் போடப்பட்டிருந்தது. திறந்து காட்டினார்கள். நல்ல நிலையிலுள்ள பெட்டிகள் துணியால் மூடப்பட்டு, கழித்துவிடும் பட்டியலை எதிர்நோக்கி வரிசையாக அமர்ந்திருந்தன. “ஒன்றைத் திறக்கவே கால் மணி நேரம் செல்கிறது, ஐயா. பாட நேரம் அதிலேயே முடிந்துவிடுகிறது” என்றார் அங்குள்ள ஆசிரியை. தகவல் தொழில்நுட்பத்தைப் பரீட்சைப் பாடமாக எடுக்கும் பிள்ளைகள் அதனைக் கரும்பலகையிலே பார்த்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். நீந்துவதைக் கரையிலிருந்து கற்பிப்பது போன்ற இக்கல்விக்கு யார் பொறுப்பு?

2022இன் பொருளாதார வீழ்ச்சியில் அமெரிக்க டொலர் ஒன்று ஏறத்தாழ 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய் வரை ஏறியதை நாம் மறந்துவிடவில்லை. இறக்குமதியாகும் ஒவ்வொரு கணினியின் விலையிலும் அந்த அடி இன்றும் தெரிகிறது. 2025 நவம்பரில் டித்வா சூறாவளி மலைநாட்டை உலுக்கியபோது மாத்தளையும் தப்பவில்லை. வீட்டையும் மிளகுக் கொடியையும் திருத்திக்கொள்ளப் பணமின்றி நிற்கும் குடும்பத்திடம், “பிள்ளைக்குப் புதிய கணினி வாங்கு” என்று கூறுவது எவ்வளவு பொருத்தமற்ற அறிவுரை!

வழி உண்டு என்பதே நமது கட்சி. அந்த வழி விலைக்கு விற்கப்படுவதன்று. கணினியின் உறுப்புகளை மேய்க்கும் தலைமை மென்பொருளை நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்கின்றன. விண்டோஸ் அத்தகைய ஒன்று. லினக்ஸ் மற்றொன்று. 1983இல் அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய குனு முயற்சியும், 1991இல் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய லினக்ஸ் கருவும் ஒன்றுசேர்ந்து அமைந்தது அது. அதனைப் பல குழுவினர் பலவாறு தொகுத்து இலவசமாக வழங்குகின்றனர். அவற்றுள் சில பழைய, வலுக்குறைந்த கணினிகளுக்கென்றே மெலிதாகச் செய்யப்பட்டவை. 2 கிகாபைட் நினைவகம் இருந்தால் லினக்ஸ் மின்ட் இயங்கும். 4 இருந்தால் வசதியாக இயங்கும். அதன் எக்ஸ்எப்சிஇ பதிப்பு பழைய கணினிக்கு ஏற்றது. லுபுண்டு என்பதும் அவ்வகையே. இவற்றிலும் எளிய கணினிக்கு ஆன்டிஎக்ஸ் உண்டு. 2003இல் அவுஸ்திரேலியாவில் பிறந்த பப்பி லினக்ஸ் சில நூறு மெகாபைட்டுக்குள் அடங்கி, முழுவதும் நினைவகத்திலே ஏறிக்கொண்டு ஓடக்கூடியது.

இவை எவ்வாறு விரைந்து ஓடுகின்றன? மாயம் ஒன்றும் இல்லை. திரையின் அலங்காரங்களைக் குறைத்து, பின்னணியில் நாம் கேளாமலே நடக்கும் வேலைகளை நீக்கி, இருக்கும் நினைவகத்தை நம் வேலைக்கு விட்டுவைக்கின்றன. சுமையைக் குறைத்த வண்டி ஏற்றத்தில் எளிதாக ஏறுவதை எல்கடுவைப் பாதையில் வண்டி ஓட்டுபவர் அறிவார்.

எனினும், விலை இல்லை என்பதற்காக மட்டும் நாம் இதனைப் பரிந்துரைக்கவில்லை. சட்டம் பயின்றவர்கள் என்ற முறையில், இதன் உரிமப் பத்திரத்தையே முதலில் படித்துப் பார்த்தோம். விண்டோஸ் உரிமத்தில் மென்பொருள் விற்கப்படவில்லை, பாவிக்க அனுமதிக்கப்படுகிறது என்றே எழுதியிருக்கிறது. பணம் கொடுத்தவன் உரிமையாளனல்லன், குடியிருப்பவனே. இதன் பொருளை மலையகத் தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை. தலைமுறை தலைமுறையாக லயன் அறையில் வாழ்ந்தும் அந்நிலத்துக்கு உறுதி இல்லாதவனே அதனை நன்கறிவான். ‘போ’ என்று சொன்னால் போகவேண்டியவன் வீட்டுக்குச் சொந்தக்காரன் அல்லன். 2025 ஒக்டோபரில் உலகெங்கும் கணினி வைத்திருந்தோருக்கு அவ்வாறுதான் ஓர் அறிவித்தல் கிடைத்தது.

லினக்ஸ் கருவின் பொது உரிமம் இதற்கு நேர்மாறானது. இயக்கலாம், உட்புறத்தை ஆராயலாம், திருத்தலாம், படியெடுத்து அயலானுக்கும் கொடுக்கலாம். நீங்கள் திருத்திக் கொடுப்பதானால் அதே உரிமைகளுடன் கொடுக்கவேண்டும் என்பதே நிபந்தனை. பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே பொதுச் சொத்தைக் காத்த இந்த ஏற்பாட்டைச் சட்டத் துறையினர் வியந்து போற்றலாம். லயன் அறைக்குப் பதிலாகக் கையில் உறுதி கிடைத்தது போன்றது இது.

இன்னொன்றையும் மறைக்காமற் கூறுவோம். நம் கடைகளிலும் அலுவலகங்களிலும் களவுப் பிரதி விண்டோஸ் ஓடுவது ஊரறிந்த இரகசியம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி மென்பொருளைப் பதிப்புரிமையுள்ள ஆக்கமாகப் பாதுகாக்கிறது. களவானது என்று தெரிந்தும் அதனை வணிக இலாபத்துக்குப் பாவிப்பது குற்றமாகும். சட்டத்தரணியும் வைத்தியரும் கணக்காளரும் இக்குற்றத்தைத் தினமும் செய்துகொண்டு நேர்மையைப் பற்றி உபதேசிப்பது அழகல்ல. நேர்வழி ஒன்று இலவசமாகவே கிடைக்கும்போது களவுக்குச் சாட்டு ஏது?

பிறர் செய்து பார்த்ததைப் பார்ப்போம். ஸ்பெயின் நாட்டில் வேளாண்மையை நம்பி வாழும் வறிய மாகாணம் எஸ்த்ரமதுரா. 2002இல் அது தன் பாடசாலைகளுக்கென்று லின்எக்ஸ் என்ற தொகுப்பைத் தானே வெளியிட்டது. கேரளம் தன் அரசுப் பாடசாலைகளின் கணினிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின்மீதே கட்டி எழுப்பியது; கைற் என்னும் அதன் அரசு நிறுவனம் பாடசாலைகளுக்கான லினக்ஸ் தொகுப்பைத் தானே தயாரித்து வழங்குகிறது. தமிழ்நாட்டில், 2011இல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில் இந்திய அரசின் சிடாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்து வழங்கப்பட்டது. நம் நாட்டவரும் இத்துறையில் பின்தங்கியவர் அல்லர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் காணாமற்போனோரையும் நிவாரணத்தையும் பதிவு செய்ய இலங்கை இளைஞர்கள் எழுதிய சஹானா என்னும் கட்டற்ற மென்பொருள், பின்னர் பிற நாடுகளின் அனர்த்தங்களிலும் பயன்பட்டது.

எதிர்த்தரப்பு வாதங்களையும் கேட்காமல் தீர்ப்புக் கூறுவது நீதியன்று. ஜேர்மனியின் மியூனிக் மாநகரசபை 2003இல் லினக்ஸுக்கு மாறத் தீர்மானித்து, 2017இல் மீண்டும் விண்டோஸுக்குத் திரும்ப முடிவு செய்ததே என்பர். உண்மை. ஆனால் அங்கு எழுந்த வழக்கு, பற்பல திணைக்களங்களின் தனி மென்பொருள்களைப் பற்றியது. எழுதவும், கணக்கிடவும், இணையத்தில் தேடவும் கற்கும் நம் பிள்ளைகளின் தேவை அதனினும் எளியது. ஆயினும் அதில் நமக்கொரு பாடம் உண்டு: பயிற்சியும் பராமரிப்பும் இன்றி மென்பொருளை மட்டும் மாற்றினால் அது நிலைக்காது.

மிகப் பழைய கணினிகளுக்கு எல்லை உண்டு என்பதும் உண்மையே. 64 பிட் செயலி இல்லாத கணினிகளைப் பெருந்தொகுப்புகள் கைவிட்டு வருகின்றன. 2025 ஓகஸ்டில் வெளியான டெபியன் 13 அவற்றுக்கு நிறுவி வழங்கவில்லை. அன்றியும், இக்காலத்தில் அதிகம் தின்பது பணிசெயல் முறைமையன்று, இணைய உலாவியே. 1 கிகாபைட் நினைவகத்தில் எழுதலாம், கணக்கிடலாம். காணொளிப் பாடம் பார்ப்பது கடினம். எனவே எல்லாக் கணினியும் உயிர்பெறும் என்று நாம் வாக்களிக்கவில்லை. எது பெறும் என்று பார்க்காமலே புதைக்காதீர்கள் என்கிறோம்.

நமது சொந்த அனுபவமும் அதுவே. 2012இல் வாங்கிய நமது அலுவலகக் கணினி இனி உதவாது என்று ஒரு கடையில் கைவிரித்தார்கள். ஓர் இளைஞர் அதன் நினைவகத்தை 4 கிகாபைட் ஆக்கி, சுழலும் வட்டுக்குப் பதில் எஸ்எஸ்டி வட்டொன்றைப் பூட்டி, லினக்ஸ் மின்டை நிறுவினார். ஸ்கேனர் இரண்டு நாள் அடம்பிடித்தது. பாமினி எழுத்துருவில் இருந்த பழைய தமிழ் ஆவணங்கள் முதலில் குழம்பித் தோன்றின. எழுத்துருவை அதில் சேர்த்ததும் சரியாயின. இவ்வாசகங்களும் அக்கணினியிலேயே, லிப்ரே ஒபிஸில், யூனிகோட் தமிழில் எழுதப்படுகின்றன. நம் நாட்டின் நியமமான ரெங்கநாதன் விசைப்பலகையையும் அதில் அமைத்துக்கொள்ளலாம்.

இங்கே மொழியின் கேள்வியும் எழுகிறது. 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. ஆனால் சட்டத்தில் இருக்கும் தமிழ் திரையில் இல்லையேல் பிள்ளைக்கு என்ன பயன்? பிறர் சொத்தான மென்பொருளில் தமிழ் வேண்டுமாயின் மனுப் போட்டுக் காத்திருக்கவேண்டும். கட்டற்ற மென்பொருளிலோ, தமிழறிந்த எவரும் மொழிபெயர்த்துச் சேர்க்கலாம். குறை இருந்தால் அது நம் குறை. திருத்துவதும் நம் கையில்.

ஆகவே நாம் முன்வைக்கும் கோரிக்கைகள் இவை. முதலாவது, எந்தப் பாடசாலைக் கணினியையும் கழிக்கும் பட்டியலில் சேர்க்குமுன், வலயக் கல்வி அலுவலகங்கள் அதனை ஒரு லினக்ஸ் பென்ட்ரைவினால் இயக்கிப் பார்க்கவேண்டும். வட்டில் ஒன்றையும் அழிக்காமலே இச்சோதனையைச் செய்யலாம். சில நிமிட வேலை. இரண்டாவது, ஒவ்வொரு கோட்டத்திலும் குறைந்தது ஓர் ஆசிரியருக்கேனும் இதனை நிறுவவும் பழுது பார்க்கவும் தமிழிற் பயிற்சி அளிக்கவேண்டும். மூன்றாவது, வங்கிகளும் தோட்டக் கம்பனிகளும் தாம் கழிக்கும் கணினிகளை, தரவுகளை முற்றாக அழித்தபின், பாடசாலைகளுக்குக் கொடுக்கவேண்டும். நான்காவது அரசாங்கத்திடம் அல்ல, வாசகர்களிடம் கேட்பது: உங்கள் வீட்டு அலுமாரியில் உறங்கும் பழைய மடிக்கணினியை வெளியே எடுங்கள். முக்கிய கோப்புகளைப் படியெடுத்து வைத்துக்கொண்டு முயன்று பாருங்கள். வேலை செய்தால், அருகிலுள்ள தோட்டத்துப் பிள்ளை ஒன்றின் கையிற் கொடுங்கள். மிளகும் கராம்பும் விற்கும் விவசாயியும் அன்றைய விலையை அறியவும், தன் வரவுசெலவைத் தானே எழுதிவைக்கவும் அதுவே போதும்.

2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் புறப்பட்டு, ஓகஸ்ட் 12ஆம் திகதி மாத்தளையில் முடிந்த நடைபயணத்தை நம் வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன் காடு வெட்ட வந்தோர் நடந்த பாதையில் அவர்களது சந்ததியார் நடந்தார்கள். அவர்கள் கேட்டது பிச்சையன்று. காணியுறுதியும், மொழியுரிமையும், சமமான கல்வியும். அக்கல்விக்கான கருவிகளில் ஒரு பகுதி பூட்டிய அறைகளில் தூசி படிந்து கிடக்கிறது. அதனைத் திறப்பதற்குக் கோடிகள் வேண்டாம். ஒரு பென்ட்ரைவும் ஒரு பிற்பகல் உழைப்பும் போதும். அதையும் நாம் செய்யாவிட்டால், கழித்துவிடப்படுவது கணினி மட்டுமல்ல. அதன் முன் அமர்ந்திருக்கவேண்டிய பிள்ளையுமாகும். அந்தப் பட்டியலில் கையொப்பம் இட நமக்கு உரிமை இல்லை.