மெதுவாக நடப்பவருக்கும் இடமுள்ள பயணம்

பள்ளி விடுமுறைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கும்போதே வெளிநாட்டுக் கற்றல் பயணம் பற்றிய பேச்சு தொடங்கிவிடும். "இந்த ஆண்டு டிசம்பரில் பெய்ஜிங்" என்று ஆசிரியர் அறிவித்தால் போதும். சீனப் பெருஞ்சுவர், பழைய அரண்மனை, சொர்க்கக் கோயில், கோடைக்கால அரண்மனை என மாணவர்கள் உடனே பட்டியல் போடுவார்கள். நான்கு நாள்களில் எத்தனை இடங்களைப் பார்க்க முடியும் என்பதே எல்லாருடைய கேள்வியாகவும் இருக்கும். அது கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால், அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது என் கருத்து. 'நம்மில் யார் யார் போகிறோம்?' என்பதே அந்தக் கேள்வி. குழுவில் மெதுவாக நடப்பவர், குறைவாகச் செலவழிக்கக்கூடியவர், எல்லா உணவையும் உண்ண இயலாதவர் ஆகியோரை மனத்தில் கொண்டு திட்டமிட்டால்தான் அது குழுப்பயணம் ஆகும்.

முதலில் பெய்ஜிங்கின் அளவை எண்ணிப் பாருங்கள். அதன் பரப்பளவு சுமார் 16,400 சதுர கிலோமீட்டர். சிங்கப்பூரைப்போல் அது 20 மடங்குக்கும் மேல் பெரியது. அங்கு இரண்டு கோடிக்கும் அதிகமான மக்கள் வாழ்கிறார்கள். பாடாலிங் என்னும் இடத்தில் உள்ள பெருஞ்சுவர், நகரின் மையத்திலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. அங்குப் போய் வருவதற்கே ஒரு நாளின் பெரும்பகுதி ஆகிவிடும். கோடைக்கால அரண்மனை நகரின் வடமேற்கில் இருக்கிறது. சொர்க்கக் கோயிலோ தெற்கில் இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று முயன்றால், பேருந்தின் சன்னலைத்தான் அதிக நேரம் பார்க்க நேரிடும். ஆகவே, எதை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதும் திட்டமிடுதலின் ஒரு பகுதியே.

அந்த முடிவை எப்படி எடுப்பது? பெயர்ப்பட்டியல் நமக்கு உதவும். 20 மாணவர்கள் கொண்ட ஒரு குழுவைக் கற்பனை செய்துகொள்வோம். ஒருவருக்கு முழங்காலில் அடிபட்டு, இப்போதுதான் குணமாகி வருகிறது. இன்னொருவருக்கு ஆஸ்துமா உண்டு. இருவர் சைவ உணவு மட்டுமே உண்பவர்கள். மூவர் முஸ்லிம்கள். சிலருடைய பெற்றோர் பயணக் கட்டணத்தைக் கண்டு இரண்டு முறை யோசித்த பிறகே கையொப்பமிட்டார்கள். பாதிப் பேருக்குச் சீனமொழி தெரியும், மற்றவர்களுக்குத் தெரியாது. இது விந்தையான குழு அன்று. நம் நாட்டின் எந்த உயர்நிலைப் பள்ளியிலும் இப்படி ஒரு குழு இருக்கும்.

நடையை எடுத்துக்கொள்வோம். பெருஞ்சுவரின் படிகள் ஒரே அளவில் இருப்பதில்லை. சில படிகள் மிக உயரமாக இருக்கும். சில இடங்களில் சுவர் செங்குத்தாக ஏறும். பாடாலிங், முதியென்யூ ஆகிய இரண்டு இடங்களிலும் கேபிள் கார் வசதி உண்டு. பாடாலிங்கிற்கு அதிவேக ரயிலில் விரைவாகச் சென்றுவிடலாம். ஆனால், கூட்டம் அதிகம். முதியென்யூவில் கூட்டம் சற்றுக் குறைவு. ஆனால், சாலை வழியாகத்தான் போக வேண்டும். எது நல்லது? பயண வழிகாட்டி நூல் ஒரு விடையைச் சொல்லலாம். உங்கள் பெயர்ப்பட்டியல் வேறொரு விடையைச் சொல்லலாம். குழுவாகப் போவதால் எல்லாரும் ஒரே தொலைவு நடக்க வேண்டும் என்பதில்லை. ஒரு காவல் கோபுரத்தைச் சந்திப்பு இடமாகக் குறித்துக்கொண்டால், வேகமாக நடப்பவர்கள் ஓர் ஆசிரியருடன் மேலே சென்று திரும்பலாம். மற்றவர்கள் கேபிள் காரில் ஏறி, முடிந்த அளவு நடந்து, மலைகளின் மேல் வளைந்து செல்லும் சுவரை அமைதியாகப் பார்க்கலாம். பெருஞ்சுவரைப் பார்த்தேன் என்று இரு பிரிவினருமே சொல்லலாம்.

பருவநிலையும் கணக்கில் வர வேண்டும். டிசம்பரில் பெய்ஜிங்கில் பகலிலேயே குளிர் கடுமையாக இருக்கும்; இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போய்விடும். குளிர்ந்த, உலர்ந்த காற்று ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தொல்லை தரும். மருந்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடாமல் கையிலேயே வைத்திருக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும் தெரிந்தால் போதாது. அவருடன் நடக்கும் நண்பருக்கும் தெரிய வேண்டும். குளிருடை வாங்குவதும் பெரிய செலவு. நம் ஊரில் ஒரு வாரப் பயணத்துக்குப் பிறகு அந்த உடை அலமாரியில்தான் தூங்கும். சென்ற ஆண்டுகளில் பயணம் சென்ற மாணவர்களிடமும் உறவினர்களிடமும் இரவல் பெற்று, எல்லாருக்கும் பொதுவாகப் பகிர்ந்துகொள்ளலாம். 'யாருக்கு உடை இல்லை?' என்று கேட்பதைவிட, 'யாரிடம் கூடுதலாக ஓர் உடை இருக்கிறது?' என்று கேட்பது நல்லது. முதல் கேள்வி சிலரைத் தலைகுனிய வைக்கும். இரண்டாவது கேள்வி யாரையும் புண்படுத்தாது.

பணத்தைப் பற்றியும் இவ்வாறே சிந்திக்க வேண்டும். எடுசேவ் கணக்கிலுள்ள தொகையைப் பள்ளி ஏற்பாடு செய்யும் வெளிநாட்டுப் பயணத்துக்குப் பயன்படுத்த வழியுண்டு. ஆனால், செலவு விமான நிலையத்தோடு முடிவதில்லை. நினைவுப் பொருள், நொறுக்குத்தீனி, விருப்பமுள்ளவர்கள் மட்டும் பார்க்கும் இரவுக் காட்சி என்று அது வளர்ந்துகொண்டே போகும். பத்துப் பேர் காட்சிக்குப் போகும்போது, விடுதியில் தங்கிவிடும் இரண்டு பேர் களைப்பினால்தான் வரவில்லை என்று சொல்வார்கள். உண்மையான காரணத்தை அவர்கள் சொல்ல மாட்டார்கள். எனவே, கைச்செலவுக்கு இவ்வளவுதான் என்ற வரம்பைப் புறப்படும் முன்பே அனைவரும் சேர்ந்து முடிவு செய்வது நல்லது. கூடுதல் கட்டணம் உள்ள நிகழ்ச்சி என்றால், எல்லாரும் போக முடிய வேண்டும். இல்லையேல் அதைத் திட்டத்தில் சேர்க்கக்கூடாது.

அடுத்தது உணவு. சீன உணவகங்களில் காய்கறி உணவு என்று வரும் தட்டிலும் சில சமயங்களில் அரைத்த பன்றி இறைச்சியோ சிப்பிச் சாறோ சேர்ந்திருக்கும். காய்கறியைச் சுட்டிக்காட்டி வாங்கினால் மட்டும் போதாது. இன்னின்ன பொருள்களை உண்ணமாட்டோம் என்று சீன எழுத்தில் எழுதிய சிறிய அட்டை ஒன்று சைவ மாணவர்களின் கையில் இருந்தால், உணவகத்தில் அதைக் காட்டலாம். சீனமொழி படிக்கும் நண்பர்கள் அதை எழுதித் தரலாம். முஸ்லிம் மாணவர்களுக்காக நியூஜியே என்ற வட்டாரத்தைத் திட்டத்தில் சேர்க்கலாம். அது நீண்ட காலமாக முஸ்லிம்கள் வாழ்ந்துவரும் பகுதி. கூரையும் தூண்களும் சீனக் கட்டடக்கலையில் அமைந்த பள்ளிவாசல் ஒன்று அங்கு உள்ளது. அது ஆயிரம் ஆண்டுப் பழைமை உடையது என்று கூறுவர். அங்கு உண்ணும் மதிய உணவை 'அவர்களுக்கான ஏற்பாடு' என்று நினைக்க வேண்டியதில்லை. அதனால் பெய்ஜிங்கின் இன்னொரு முகத்தை எல்லாருமே காண முடியும்.

இத்தனையையும் யார் செய்வது? 'சீனமொழி தெரிந்தவர்கள் பார்த்துக்கொள்வார்கள்' என்று மற்றவர்கள் ஒதுங்கிவிடுவது எளிது. அப்படி ஒதுங்கினால், சில நண்பர்கள் நான்கு நாளும் சம்பளமில்லாத மொழிபெயர்ப்பாளர்களாக இருப்பார்கள். மற்றவர்கள் பயணப் பெட்டிகளைப்போல் அவர்கள் பின்னால் இழுபடுவார்கள். 'பத்துப் பேருக்குப் பல்குச்சி, ஒருவனுக்குத் தலைச்சுமை' என்பது பழமொழி. பத்துப் பேர் பகிர்ந்தால் பல்குச்சி அளவாகும் வேலை, ஒருவர் தலையில் விழுந்தால் பெருஞ்சுமை ஆகிவிடும். தமிழ் படிக்கும் மாணவர்களும் முக்கியமான பொறுப்புகளை ஏற்க முடியும். பெய்ஜிங் சுரங்க ரயிலில் நிலையப் பெயர்கள் ரோமன் எழுத்திலும் எழுதப்பட்டிருக்கும், ஆங்கிலத்திலும் அறிவிப்பார்கள். ஆகவே, வழித்தடப் பொறுப்பைச் சீனமொழி தெரியாத இருவரிடம் தாராளமாகக் கொடுக்கலாம். ஒவ்வொரு நிலையத்தின் நுழைவாயிலிலும் பைகளைச் சோதிப்பார்கள் என்பதையும், 20 பேர் கடந்து செல்லக் கூடுதல் நேரம் வேண்டும் என்பதையும் அவர்கள் கணக்கிட வேண்டும். கூகுள் வரைபடத்தையும் வாட்ஸ்அப்பையும் அங்குள்ள இணையத்தில் வழக்கம்போல் பயன்படுத்த இயலாது. எனவே, விடுதியின் முகவரியும் ஆசிரியரின் தொலைபேசி எண்ணும் எழுதிய தாள் ஒவ்வொருவர் பையிலும் இருப்பதை இன்னும் இருவர் உறுதிசெய்யலாம்.

நுழைவுச்சீட்டுப் பொறுப்பை ஏற்பவர்களுக்கும் வேலை இருக்கிறது. 1420ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட பழைய அரண்மனை, 1925ஆம் ஆண்டு முதல் அருங்காட்சியகமாக இயங்கி வருகிறது. பொது விடுமுறை நாளாக இல்லாவிட்டால், திங்கட்கிழமைகளில் அது மூடப்பட்டிருக்கும். ஒரு நாளில் இத்தனை பேர்தான் என்ற வரம்பும் உண்டு. கடப்பிதழ் விவரங்களைக் கொடுத்து முன்பதிவு செய்ய வேண்டும். தெற்கு வாயிலில் நுழைந்தால், ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நடந்து வடக்கு வாயிலில் வெளியேறலாம். நுழைந்த இடத்திலேயே பேருந்தை நிறுத்திவைத்தால், முழங்கால் வலியுள்ள நண்பர் அரண்மனையைச் சுற்றி மீண்டும் நடக்க வேண்டியிருக்கும். இத்தகைய சிறு செய்திதான் ஒருவருடைய நாளை இனிமையாக்கும் அல்லது கெடுத்துவிடும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் திட்டம் இப்படி அமையலாம். ஞாயிற்றுக்கிழமை போய்ச் சேர்ந்து ஓய்வெடுக்கலாம். அரண்மனை மூடியிருக்கும் திங்கட்கிழமையைப் பெருஞ்சுவருக்கு ஒதுக்கலாம். செவ்வாய்க்கிழமை காலை அரண்மனையைப் பார்க்கலாம். மாலையில் விரும்புவோர் எதிரிலுள்ள ஜிங்ஷான் பூங்காவின் குன்றில் ஏறலாம். புதன்கிழமை காலை சொர்க்கக் கோயில் பூங்காவுக்குப் போகலாம். பேரரசர்கள் நல்ல விளைச்சலுக்காக வேண்டிய மண்டபம் அங்கு உள்ளது. காலை வேளையில் முதியவர்கள் அங்கு ஆடுவதையும் பாடுவதையும் இறகுப்பந்தைக் காலால் உதைத்து விளையாடுவதையும் காணலாம். நண்பகலில் நியூஜியேயில் உணவு உண்டு, இரவு விமானத்தில் திரும்பலாம். இத்திட்டத்தில் கோடைக்கால அரண்மனை இல்லை. அது இழப்புதான். அந்த இழப்பை மறைக்க வேண்டியதில்லை. சேர்ந்து ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதற்கு மறுப்புகள் எழலாம். 'சிலருக்காக மற்றவர்கள் ஏன் காத்திருக்க வேண்டும்? எல்லாருமே கட்டணம் செலுத்தியிருக்கிறார்களே!' என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வேகமாக நடக்கும் மாணவரின் ஆர்வத்தையும் திட்டம் மதிக்க வேண்டும். பெருஞ்சுவரிலும் ஜிங்ஷான் குன்றிலும் அவர்களுக்கென நேரம் ஒதுக்குவது அதற்காகத்தான். ஆனால், சற்றுக் காத்திருப்பவர் இழப்பது அரை மணி நேரம். பின்தங்கி விடப்படுபவர் இழப்பதோ முழுப் பயணம். இரண்டும் சமமான இழப்புகள் அல்ல.

'இவையெல்லாம் ஆசிரியரும் பயண நிறுவனமும் செய்ய வேண்டியவை. மாணவர்கள் ஏன் சுமக்க வேண்டும்?' என்றும் கேட்கலாம். பாதுகாப்பு, காப்புறுதி, ஒப்பந்தம் ஆகியவை பெரியவர்களின் பொறுப்பு என்பதில் ஐயமில்லை. ஒருவருடைய உடல்நலத்தையோ குடும்பத்தின் பணநிலையையோ வகுப்பறையில் பகிரங்கமாகப் பேசவும் கூடாது. அவற்றை அவரவர் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லலாம். ஆனால், எங்கே போவது, எவ்வளவு நேரம் இருப்பது, எங்கே உண்பது என்பவற்றை மாணவர்களே ஆராய்ந்து முடிவு செய்ய முடியும். எல்லாவற்றையும் நிறுவனமே செய்து கொடுத்தால், நாம் பெய்ஜிங்கைப் பற்றி ஓரளவு தெரிந்துகொள்வோம். நாமே திட்டமிட்டால், பெய்ஜிங்கைப் பற்றியும் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருக்கும் நண்பரைப் பற்றியும் தெரிந்துகொள்வோம்.

உங்கள் பள்ளியிலும் ஒரு நாள் இத்தகைய அறிவிப்பு வரலாம். அது பெய்ஜிங்காக இருக்கலாம். ஷாங்ஹாயாகவோ சீஆனாகவோ இருக்கலாம். இடங்களின் பட்டியலை எழுதத் தொடங்கும் முன், பெயர்ப்பட்டியலை மேசைமீது வையுங்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, 'இவருக்கு இந்தப் பயணம் நல்லபடி அமைய நாம் என்ன செய்ய வேண்டும்?' என்று கேளுங்கள். எல்லாப் பெயர்களுக்கும் விடை கிடைத்த பிறகு, பார்க்க வேண்டிய இடங்களை எழுதுங்கள்.